வலக்கை எப்போது, இடக்கை எப்போது: காந்தப்புலமும் மின்னோட்டத்தின் மீதான விசையும், முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ இயற்பியலில் இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகள் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். வலக்கையா இடக்கையா, பெருவிரல் எதைக் காட்டுகிறது என்கிற இடத்தில்தான் கணக்கு கவிழும். பல வருடமாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. இந்தப் பாடத்துக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: காந்தப்புலத்தை உண்டாக்குவது யார்? அந்தப் புலத்துக்குள் நின்று தள்ளு வாங்குவது யார்? முதல் கேள்விக்கு வலக்கை, இரண்டாவதற்கு இடக்கை. எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் இந்த இரண்டு பேரையும் பிரித்து எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கையில் செய்து பார்த்துக்கொண்டே போகலாம்.

என்னென்ன வேண்டும்

ஒரு சின்ன திசைகாட்டி, பென்டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி கட்டை இரண்டு, மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் துண்டாகக் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரு மீட்டர், சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாள், 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நியோடிமியம் காந்த வில்லை. கம்பியின் இரண்டு நுனியிலும் எனாமலை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். செம்பு பளபளவென்று தெரியாவிட்டால் மின்னோட்டமே போகாது, "எதுவும் நடக்கவில்லை சார்" என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம்.

மூன்று எச்சரிக்கை. வீட்டு பிளக் பக்கம் போகவே வேண்டாம். மொபைல் பேட்டரி, பவர்பேங்க் போன்ற லித்தியம் வகைகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். நியோடிமியம் காந்தத்தைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைக் கிழித்துவிடும். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்தக் காந்தத்திலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

படி 1: புலத்தை உண்டாக்குவது யார்?

திசைகாட்டியை மேசையில் வையுங்கள். ஊசி வடக்கு தெற்காக நின்றதும், அதற்குச் சரியாக மேலே, ஊசிக்கு இணையாகச் செம்புக் கம்பியை இழுத்துப் பிடியுங்கள். இப்போது கம்பியின் தெற்கு நுனியைப் பேட்டரியின் நேர் முனையிலும் வடக்கு நுனியை எதிர் முனையிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ஊசியின் வட நுனி மேற்குப் பக்கம் சட்டென்று திரும்பும். கம்பியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்து அதேபோல் தொட்டால் கிழக்கே திரும்பும்.

1820-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் கண்டது இதைத்தான். மின்சாரமும் காந்தமும் வேறு வேறு சங்கதி என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அந்த ஜூலையில் அவர் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார், செப்டம்பரில் செய்தி பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது, அதே மாதமே பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் இரண்டு கம்பிகளை வைத்து அடுத்த சோதனையைச் செய்துகாட்டிவிட்டார்.

சரி, திசையைச் சொல்வது எப்படி? வலக்கையால் கம்பியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டுங்கள். மற்ற விரல்கள் வளைந்து போகும் திசைதான் காந்தப்புலத்தின் திசை. பெருவிரல் வடக்கே இருந்தால், கம்பிக்குக் கீழே விரல்கள் மேற்கு நோக்கிப் போகும். ஊசி சொன்னதும் அதேதான். புலம் கம்பியிலிருந்து வெளியே பாய்வதில்லை, கம்பியைச் சுற்றி வளையம் வளையமாக இருக்கிறது. இது மனதில் பதியாமல் மேலே போகாதீர்கள்.

அளவு எவ்வளவு? நீளமான நேர்க்கம்பிக்கு ஒரு சுலபமான வழி: மின்னோட்டத்தை ஆம்பியரில் எடுத்து 20-ஆல் பெருக்கி, கம்பியிலிருந்து தூரத்தை சென்டிமீட்டரில் எடுத்து வகுத்துவிடுங்கள். விடை மைக்ரோடெஸ்லாவில் வரும். 2 ஆம்பியர், 1 சென்டிமீட்டர் என்றால் 40 மைக்ரோடெஸ்லா. நம் ஊர்ப் பக்கம் பூமியின் காந்தப்புலமும் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். ஒன்று வடக்கே இழுக்க, இன்னொன்று மேற்கே இழுக்க, இரண்டும் சம பலத்தில் இருந்தால் ஊசி நடுவில், 45 பாகையில் நிற்க வேண்டும். ஊசி சுமாராக அந்த அளவு திரும்பினால் உங்கள் கம்பியில் ஏறக்குறைய 2 ஆம்பியர் ஓடுகிறது என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கணக்கு இது.

இந்தக் கணக்கு நம் ஊரில் இவ்வளவு சுத்தமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது, அதனால் இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஐரோப்பாவில் அது தரைக்குள் செங்குத்தாகச் சாய்ந்து இறங்கும், ஊசியைத் திருப்பக் கிடைக்கும் கிடைமட்டப் பங்கு குறைவு. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்து 1963-இல் முதல் ராக்கெட்டை விட்டதும் இந்தக் காந்த நடுக்கோடு அருகில் இருப்பதால்தான்.

கம்பியைச் சுருளாகச் சுற்றினால், எல்லாச் சுற்றின் புலமும் சுருளுக்குள் ஒரே திசையில் சேரும். அப்போது வலக்கையின் வேலை தலைகீழ்: விரல்களை மின்னோட்டத்தோடு வளையுங்கள், பெருவிரல் வடமுனையைக் காட்டும். மீட்டருக்கு 1000 சுற்று உள்ள வரிச்சுருளில் 1 ஆம்பியர் விட்டால் உள்ளே சுமார் 1.26 மில்லிடெஸ்லா. நடுவில் ஓர் இரும்பு ஆணியைச் செருகினால் புலம் இன்னும் பல மடங்கு பலமாகும்.

படி 2: தள்ளு வாங்குவது யார்?

இப்போது இரண்டாவது கேள்வி. இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

அலுமினியத் தாளில் 20 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். இரண்டு நுனியையும் இரண்டு புத்தகங்களின் மேல் டேப்பால் ஒட்டி, நடுவில் கழுத்துச் சங்கிலி மாதிரி தொய்ந்து தொங்க விடுங்கள். தொய்வின் அடியில், பட்டையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளியில், காந்த வில்லையின் வட முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். எது வட முகம் என்று தெரியாவிட்டால் திசைகாட்டியைக் காட்டுங்கள், ஊசியின் தென் நுனியை இழுக்கும் முகம்தான் வட முகம். பட்டை உங்களிடமிருந்து நேராக முன்னே போகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, உங்கள் பக்க நுனியில் பேட்டரியின் நேர் முனையும் அந்தப் பக்க நுனியில் எதிர் முனையும் படும்படி ஒரு நொடி இணைப்பு கொடுங்கள்.

பட்டை விருட்டென்று வலப்பக்கம் துள்ளும். மெதுவாக நகரும் என்று எதிர்பார்த்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோன பிள்ளைகள் பின்னால் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். இணைப்பை எடுத்ததும் ஊஞ்சல் மாதிரி ஆடி அடங்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். மின்னோட்டம் இல்லாமல் அதே காந்தத்தைப் பட்டைக்குப் பக்கத்தில் ஆட்டிப் பாருங்கள், அசையாது. தள்ளு வாங்கியது உள்ளே ஓடிய மின்னோட்டம், பட்டை அதோடு சேர்ந்து போனது.

இங்கே திசைக்கு இடக்கை. சுட்டுவிரல், நடுவிரல், பெருவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை. சுட்டுவிரலை மேலே (வட முகத்திலிருந்து புலம் மேலே கிளம்புகிறது), நடுவிரலை முன்னே நீட்டினால், பெருவிரல் வலப்பக்கம் காட்டும். ஃபிளெமிங்கின் இடக்கை விதி என்று புத்தகத்தில் இருப்பது இதுதான்.

விசை = காந்தப்புலம் × மின்னோட்டம் × புலத்துக்குள் இருக்கும் நீளம் × இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் சைன். எண்களைப் போட்டுப் பார்ப்போம். வில்லைக்குச் சற்று மேலே புலம் 0.1 டெஸ்லா, மின்னோட்டம் 3 ஆம்பியர், புலத்துக்குள் இருக்கும் நீளம் 2 சென்டிமீட்டர், அதாவது 0.02 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை 0.006 நியூட்டன், அரை கிராமுக்குச் சற்று மேலான எடை. அற்பம் என்று தோன்றும். ஆனால் பட்டையின் மொத்த எடையே சுமார் 0.03 கிராம்தான், தன் எடையைப் போல் இருபது மடங்கு தள்ளு வாங்கினால் துள்ளாமல் என்ன செய்யும்?

அதே அமைப்பில் இன்னும் மூன்று முறை செய்யுங்கள். பேட்டரியை மட்டும் திருப்புங்கள்: இடப்பக்கம் துள்ளும். பேட்டரியைப் பழையபடி வைத்துக் காந்தத்தை மட்டும் திருப்புங்கள்: மறுபடியும் இடப்பக்கம். இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள்: வலப்பக்கமே துள்ளும். இந்தக் கடைசி முடிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸியைப் பார்க்கும்போது தேவைப்படும்.

சைன் எதற்கு என்று கேட்பார்கள். மின்னோட்டம் புலத்தின் கூடவே அதே திசையில் ஓடினால் விசை சுழி, குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினால் முழு விசை, சாய்வாக ஓடினால் குறுக்கே போகும் பங்குக்கு மட்டும் விசை. அவ்வளவுதான்.

படி 3: இரண்டு கம்பிகள்

இங்கே இரண்டு கேள்விகளும் ஒன்றாக வருகின்றன, அதனால்தான் பிள்ளைகள் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். இணையான இரண்டு கம்பிகளில் ஒரே திசையில் மின்னோட்டம் ஓடுகிறது. முதல் கம்பி புலத்தை உண்டாக்குகிறது (வலக்கை). அந்தப் புலத்துக்குள் இரண்டாவது கம்பி நிற்கிறது (இடக்கை). செய்து பாருங்கள், இரண்டாவது கம்பி முதல் கம்பியை நோக்கி இழுக்கப்படும். பிறகு இரண்டு பேரின் வேலையையும் மாற்றிக்கொடுத்துப் பாருங்கள், முதல் கம்பியும் இரண்டாவதை நோக்கி வரும். ஒரே திசை என்றால் இழுக்கும், எதிரெதிர் என்றால் விலக்கும். நேரான கம்பி தன் புலத்தால் தன்னையே பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளாது, அந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

1 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகளிலும் 1 ஆம்பியர் என்றால், மீட்டர் நீளத்துக்கு 0.0000002 நியூட்டன். 2019 மே 20 வரை ஆம்பியர் என்ற அலகுக்கே வரையறை இதுவாகத்தான் இருந்தது. இப்போது எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து வரையறுக்கிறார்கள். விசை இவ்வளவு சிறியது என்று அலட்சியப்படுத்த முடியாது, மின்னோட்டம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு கடத்திப் பட்டைகளில் ஷார்ட் ஆகி 10,000 ஆம்பியர் பாய்ந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் 200 நியூட்டன், கிட்டத்தட்ட 20 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை. துணைமின் நிலையங்களில் அந்தப் பட்டைகளைப் பீங்கான் தாங்கிகளில் அவ்வளவு இறுக்கிக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: சுழல வைப்பது, மிக்ஸி வரை

ஒரு செவ்வகச் சுருளைக் காந்தப்புலத்துக்குள் வையுங்கள். ஒரு பக்கக் கம்பியில் மின்னோட்டம் முன்னே போகிறது, எதிர்ப்பக்கத்தில் பின்னே வருகிறது. இடக்கையை இரண்டு பக்கத்துக்கும் வைத்துப் பாருங்கள்: ஒன்று மேலே, ஒன்று கீழே. சுருள் எங்கும் பறந்துபோகாமல் திரும்ப மட்டும் செய்யும். திருப்பு விசை = சுற்றுகளின் எண்ணிக்கை × மின்னோட்டம் × சுருளின் பரப்பு × புலம் × சைன் கோணம். கோணத்தில் ஒரு வம்பு இருக்கிறது: சுருளின் தளத்தோடு புலம் ஆக்கும் கோணத்தை எடுக்கக் கூடாது, தளத்துக்குச் செங்குத்தாக வரையும் கோட்டோடு ஆக்கும் கோணத்தைத்தான் எடுக்க வேண்டும். கேள்வித்தாளில் தளத்தோடு கோணம் கொடுத்திருந்தால் 90-லிருந்து கழித்துவிடுங்கள்.

சுருள் பாதிச் சுற்று போனதும் விசைகள் அதைத் திரும்பப் பழைய இடத்துக்கே இழுக்கும். அந்த நேரத்தில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் செய்வது கம்யூட்டேட்டர் என்கிற பிளந்த செம்பு வளையமும், அதன் மேல் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களும்.

மிக்ஸிக்குள் இருப்பது இதுதான். ஓடும்போது பின்பக்கக் காற்றுத் துளையில் தெரியும் நீலப் பொறியும், அந்தக் கருகல் கலந்த வாசனையும் பிரஷ் கம்யூட்டேட்டரில் உரசும் இடத்திலிருந்து வருபவை. கடையில் கழற்றும்போது பாருங்கள்: சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்புக் கட்டி, பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங். தேய்ந்து குட்டையானதும் பொறி அதிகமாகி மிக்ஸி நின்று நின்று ஓடும். பிரஷ் மாற்றினால் பழையபடி ஓடும்.

ஆனால் வீட்டில் வருவது ஏசி என்கிற மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்னோட்டத்தில் மிக்ஸி எப்படி ஒரே பக்கமாகச் சுற்றுகிறது? அலுமினியப் பட்டையின் கடைசிச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் நிலைக்காந்தம் கிடையாது. வெளியே இருக்கும் ஃபீல்டு காயிலும் உள்ளே சுற்றும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்திருக்கின்றன, ஒரே மின்னோட்டம் இரண்டிலும் போகிறது. ஃபீல்டு காயில் புலத்தை உண்டாக்குகிறது, ஆர்மேச்சர் தள்ளு வாங்குகிறது. ஏசி திரும்பும்போது இரண்டும் சேர்ந்து திரும்புகின்றன, அதனால் தள்ளும் திசை மாறுவதில்லை. (மின்விசிறியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், வழக்கமான சீலிங் ஃபேனில் இருப்பது பிரஷ் இல்லாத தூண்டல் மோட்டார், அது தனிப் பாடம்.)

படி 5: கம்பிக்குள் இறங்கி ஒரு எலக்ட்ரானைப் பிடிப்பது

கம்பி தள்ளு வாங்குகிறது என்றால், உண்மையில் உள்ளே ஓடும் ஒவ்வொரு மின்துகளும் தள்ளு வாங்குகிறது. ஒரு துகளின் மீதான விசை = மின்னூட்டம் × வேகம் × புலம் × சைன் கோணம். லோரன்ட்ஸ் விசை என்பதில் காந்தத்தின் பங்கு இது. நின்றுகொண்டிருக்கும் துகளுக்கு வேகம் சுழி, விசையும் சுழி.

இது கம்பிச் சூத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிடலாம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் 1 மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியில் கட்டற்ற எலக்ட்ரான்கள் 85-க்குப் பின்னால் 21 சுழி போட்ட எண்ணிக்கையில் இருக்கின்றன. 1 ஆம்பியர் ஓடும்போது அவை நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர், ஒரு மீட்டரைக் கடக்க நாலு மணி நேரம் ஆகும், எறும்பு பல முறை போய்விட்டு வந்துவிடும். புலம் 1 டெஸ்லா என்றால் ஒரு எலக்ட்ரான் மீதான விசை நினைத்துப் பார்க்க முடியாத அளவு சிறியது. ஆனால் அத்தனை எலக்ட்ரான்களையும் கூட்டினால் சரியாக 1 நியூட்டன் வருகிறது. கம்பிச் சூத்திரத்தில் 1 டெஸ்லா × 1 ஆம்பியர் × 1 மீட்டர் போட்டாலும் அதே 1 நியூட்டன்.

திசையில் ஒரே ஒரு கவனம். இடக்கை விதியின் நடுவிரல் நேர் மின்துகள் போகும் திசை. எலக்ட்ரான் வலப்பக்கம் போனால் நடுவிரலை இடப்பக்கம் நீட்ட வேண்டும். தேர்வில் "எலக்ட்ரான்" என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் அடியில் கோடு போடச் சொல்வேன்.

இந்த விசை எப்போதும் துகள் போகும் திசைக்குச் செங்குத்தாகவே இருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் தள்ளினால் துகளின் திசை மாறுமே தவிர வேகம் கூடாது, குறையாது. நிலையான காந்தப்புலம் துகளின் மீது வேலையே செய்வதில்லை. சீரான புலத்தில் குறுக்கே நுழையும் துகள் அதனால் வட்டம் போடுகிறது. ஆரம் = நிறை × வேகம் ÷ (மின்னூட்டம் × புலம்). நொடிக்கு ஒரு கோடி மீட்டர் வேகத்தில் வரும் எலக்ட்ரான் 1 மில்லிடெஸ்லா புலத்தில் சுமார் 5.7 சென்டிமீட்டர் ஆரத்தில் சுற்றும். சாய்வாக நுழைந்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொண்டே முன்னேறும். பழைய பெட்டி டிவியில் பிக்சர் ட்யூபின் கழுத்தைச் சுற்றியிருந்த காயில், எலக்ட்ரான் கற்றையை இப்படி வளைத்துத்தான் திரை முழுக்கப் படம் வரைந்தது.

வட்டத்தைச் சுற்றி வர எவ்வளவு நேரம்? வேகம் கூடினால் ஆரமும் அதே விகிதத்தில் கூடுகிறது, அதனால் சுற்று நேரம் மாறுவதே இல்லை. அந்த 1 மில்லிடெஸ்லாவில் மெதுவான எலக்ட்ரானுக்கும் வேகமான எலக்ட்ரானுக்கும் ஒரு சுற்றுக்கு சுமார் 36 நானோநொடிதான். கலிபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் 1930-களின் தொடக்கத்தில் சைக்ளோட்ரான் என்கிற துகள் முடுக்கியைக் கட்டியது இதை நம்பித்தான்: சுற்று நேரம் மாறாததால், ஒரே தாளத்தில் மின்புலத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலே துகள் ஒவ்வொரு பாதிச் சுற்றிலும் ஓர் உதை வாங்கி வேகமெடுக்கும். வேகம் கொடுப்பது மின்புலம், வளைத்துக் கொண்டுவருவது காந்தப்புலம். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இந்தத் தாளம் தப்பிவிடும் என்பது அதன் எல்லை. இன்று புற்றுநோய் பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு வேண்டிய ஃபுளூரின்-18 என்கிற கதிரியக்கப் பொருள் சைக்ளோட்ரானில்தான் தயாராகிறது.

படி 6: வானத்திலிருந்து ஒரு கணக்கு

இப்போது நீங்களே கையை வைத்துப் போட வேண்டியது. விண்வெளியிலிருந்து ஒரு காஸ்மிக் துகள் நேர் மின்னூட்டத்தோடு உங்கள் மொட்டைமாடியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. புலத்தை உண்டாக்குவது பூமி, தள்ளு வாங்குவது துகள். வடக்கே பார்த்து நின்றுகொள்ளுங்கள். சுட்டுவிரல் வடக்கே, நடுவிரல் தரையை நோக்கிக் கீழே. பெருவிரல் கிழக்கே காட்டும். அப்படியானால் நேர் மின்துகள்கள் கிழக்கு நோக்கி வளைந்துகொண்டே வருகின்றன, அதாவது தரையில் நிற்பவருக்கு அவை மேற்கு வானத்திலிருந்து அதிகமாக வருவதுபோல் தெரிய வேண்டும். எதிர் மின்துகள்கள் என்றால் கிழக்கிலிருந்து.

1930-இல் இத்தாலிய இயற்பியலாளர் புருனோ ரோஸி இந்தக் கிழக்கு மேற்கு வித்தியாசம் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். 1933-இல் மெக்சிகோ நகரத்தில் தாமஸ் ஜான்சனும், தனியாக லூயி அல்வாரெஸும் ஆர்தர் காம்ப்டனும், துகள் எண்ணும் கருவிகளை முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் சாய்த்து வைத்து எண்ணினார்கள். மேற்கிலிருந்து வந்தவை அதிகம். காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை நேர் மின்துகள்கள் என்று தெரியவந்தது அப்படித்தான்.